திரளாக வாரீர்!

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் அரைமணி நேரம் நின்றால் போதும், கேட்காமலே உங்கள் கைக்கு நாலு நோட்டீஸ் வந்து சேரும். ஒன்று மூலம், பௌத்திரம். இன்னொன்று ஆடித் தள்ளுபடி. மூன்றாவது வீட்டு மனை. 'மெயின்ரோட்டிலிருந்து ஐந்தே நிமிடம்' என்று இருக்கும். எதில் போனால் ஐந்து நிமிடம் என்று இருக்காது. இந்த மூன்றையும் நான் முழுசாகப் படித்துவிடுவேன். படிக்க வைத்துவிடுகிறார்கள். 'மூலமா?' என்று கொட்டை எழுத்தில் முகத்துக்கு நேரே கேட்கிறான் ஸார். இல்லை என்று தலையாட்டுவதற்காவது அடுத்த வரிக்குப் போக வேண்டியிருக்கிறது.

நாலாவதுதான் பொதுநல நோட்டீஸ். பார்த்தவுடன் கண் தானாக வேறு பக்கம் போய்விடும். மேலே சங்கத்தின் பெயர், பதிவு எண். கீழே 'திரளாக வாரீர்! ஆதரவு தாரீர்!' அதற்கும் கீழே தலைமை, முன்னிலை, வரவேற்புரை, கருத்துரை, சிறப்புரை, நிறைவுரை, நன்றியுரை, மற்றும் பலர். நடுவே எங்கேயோ கடுகு சைஸ் எழுத்தில் விஷயம்: 'சமூகச் சீர்கேடுகளைக் கண்டித்து'. எந்தச் சீர்கேடு, யாருக்கு, எத்தனை நாளாக? மூச்! நேரில் வந்தால் சொல்வார்களாம்.

நேரில் யார் வருகிறார்கள்? அந்த நோட்டீஸால் பஸ் சீட்டைத் துடைக்கிறார்கள். மழைக்காலமாக இருந்தால் ஒழுகுகிற ஜன்னல் சந்தில் செருகுகிறார்கள்.

என் வயிற்றெரிச்சல் இதுதான். மனை விற்கிறவன் ஒவ்வொரு வார்த்தைக்கும் யோசித்து எழுதுகிறான். கைக்காசையும் ஞாயிற்றுக்கிழமையையும் செலவழித்து ஊருக்காக ஓடுகிற பிள்ளைகள் மட்டும், காரியம் நல்லது என்பதால் எழுத்து எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று நினைக்கிறார்கள். பௌத்திரம் ஜெயிக்கிறது. ஏரி தோற்கிறது.

ஏரி என்று ஏன் சொன்னேன் என்றால், 2025 ஜூலையில் நாலு பையன்கள் என்னைத் தேடி வந்தார்கள். அந்த மாசம் செஞ்சியே குஷியாக இருந்தது. ஜூலை 11-ஆம் தேதி பாரிஸில் கூடிய யுனெஸ்கோ கமிட்டி, 'மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள்' என்ற பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில். பன்னிரண்டாவது நம்ம செஞ்சி. டீக்கடையில் எல்லோரும் பாரிஸ் பேசிக்கொண்டிருந்தபோது, இந்த நாலு பேர் மட்டும் வாய்க்கால் பேசினார்கள்.

ஒருத்தன் ஜெராக்ஸ் கடை. ஒருத்தன் வக்கீல் குமாஸ்தா. மற்ற இரண்டு பேரும் டி.என்.பி.எஸ்.சி. ஊர் செஞ்சியிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர். பெயர் வேண்டாம். கையில் மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தார்கள்.

"அண்ணே, நீங்க பத்திரிகைல எழுதறீங்க. கொஞ்சம் டச்அப் பண்ணிக் குடுங்க."

படித்தேன். திருக்குறளில் ஆரம்பித்து, சிந்து சமவெளியில் குளித்து, நைல் நதிக் கரையோரமாக நடந்து, கரிகாலனின் கல்லணையில் முதல் பக்கம் முடிந்தது. இரண்டாவது பக்கம் உலகமயமாக்கல். மூன்றாவது பக்கத்தின் அடியில், பேப்பர் தீரப்போகிறதே என்ற பயத்தில் எழுதினது மாதிரி ஒரு வரி: 'எனவே நமது ஏரியின் வரத்து வாய்க்காலைத் தூர்வாரிட ஆவன செய்யுமாறு வன்மையாகக் கேட்டுக்கொள்கிறோம்!!!' ஆச்சரியக்குறிகளை எண்ணிப் பார்த்தேன். மூன்று பக்கத்துக்கு நாற்பத்தொன்று.

"தம்பி, இதை வச்சுட்டு வாயால சொல்லு. ஏரிக்கு என்ன?"

குமாஸ்தா பையன் சொன்னான். "ஃபெஞ்சல் புயல் வந்துச்சில்லண்ணே, 2024 நவம்பர் 30 ராத்திரி..."

எனக்கா தெரியாது? மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டின புயல். விழுப்புரம் மாவட்டமே மிதந்தது.

"அன்னிக்கு எங்க வாய்க்கால் பூரா சீமைக் கருவேலம்ணே. தண்ணி ஏரிக்குப் போக வழியில்ல. சிறுபாலத்துக்கிட்ட திரும்பி காலனிக்குள்ள பூந்துடுச்சு. முப்பத்தோரு வீடு. தெருவுல முழங்கால் தண்ணி. காலைல விடிஞ்சு போய்ப் பார்த்தா ஏரில பாதி இடம் காலியா கெடக்குது."

"அடப்பாவி! இதை ஏன்டா எழுதலை?"

"இதான் எல்லாருக்கும் தெரியுமேண்ணே."

கவனித்தீர்களா? இதுதான் வியாதி. எல்லோருக்கும் தெரிந்ததென்று உயிரான விஷயத்தை விட்டுவிடுவது. யாருக்கும் தேவையில்லாத நைல் நதியை உள்ளே இழுத்து வருவது. பக்கத்து ஊர்க்காரனுக்கு உன் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றது தெரியாது. மேஜைக்குப் பின்னால் இருக்கிற அதிகாரிக்கும் தெரியாது. நேற்றுதான் மாற்றலாகி வந்திருப்பார்.

பையன்களுக்குப் பாடம் எடுக்க எனக்குத் தகுதியில்லை. ஆனால் தகுதியுள்ள ஒரு பாறை பக்கத்திலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பைக்கில் அஞ்சு பேரும் போனோம்.

செஞ்சிக்கு வடக்கே, சிங்கவரம் பக்கத்தில் திருநாதர்குன்று. பாறையில் 24 தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசையாக, குரூப் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி அமைதியாக இருப்பார்கள். அங்கே வட்டெழுத்தில் ஒரு கல்வெட்டு. ஆறாம் நூற்றாண்டு வாக்கில் வெட்டினது. அதில் இருக்கிற சங்கதி மொத்தமே இவ்வளவுதான்: சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாமல் நோன்பிருந்து உயிர் விட்ட இடம் இது. தீர்ந்தது. யார், எத்தனை நாள், என்ன செய்தார். 'மாபெரும் தியாகச் செம்மல்' இல்லை. தலைமை இல்லை, முன்னிலை இல்லை. வெட்டினவன் பெயர்கூடக் கிடையாது.

ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு மேலாகிறது. அதைப் படித்துச் சொன்னவுடன் டி.என்.பி.எஸ்.சி. பையன் ஒருத்தன் தன் வயிற்றைத் தடவிக்கொண்டு, "அம்பத்தேழு நாளாண்ணே?" என்றான். அந்தக் கேள்விதான் வேண்டும். நோட்டீஸைப் படித்தவன் வாயிலிருந்து இப்படி ஒன்று வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாச்சு.

இன்னொரு விசேஷம். அதே குன்றில் வேறொருவருக்கும் கல்வெட்டு உண்டு. அவர் நோன்பிருந்தது 30 நாள். 30 என்றுதான் இருக்கிறது. பக்கத்தில் 57 இருக்கிறதே என்று யாரும் கூட்டிப் போடவில்லை. 57-ஐயும் ரவுண்டாக 60 ஆக்கவில்லை.

நம் பக்கத்துக் கல்வெட்டுக்காரர்கள் எல்லோருமே கெட்டிக்காரர்கள். விழுப்புரம் போகிற வழியில் மண்டகப்பட்டு இருக்கிறதல்லவா, அங்கே மகேந்திரவர்ம பல்லவன் ஒரு குடைவரை வெட்டி சமஸ்கிருதத்தில் எழுதி வைத்திருக்கிறான். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்தேன் என்கிறான். எதெல்லாம் இல்லை என்று நாலு சாமானை எண்ணிச் சொன்னதிலேயே, என்ன புதுமை பண்ணியிருக்கிறான் என்பது புரிந்துவிடுகிறது. 'புதுமையான' என்று தனியாக ஒரு வார்த்தை போட வேண்டிய அவசியமே வரவில்லை.

அப்புறம் நம்ம தேசிங்கு. இது எனக்கு ரொம்ப நாளாகவே வேடிக்கை. யுனெஸ்கோ மதித்தது மராட்டியர் கோட்டையை. சிவாஜி 1677-இல் பிடித்தது, ராஜாராம் இங்கே வந்து பதுங்கினது, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690-லிருந்து 1698 வரை சுற்றி வளைத்துக் காத்துக் கிடந்தது. ஏழு வருஷத்துக்கும் மேலே முற்றுகை ஸார்! செஞ்சியில் யாரையாவது நிறுத்தி சுல்பிகர் கான் யார் என்று கேட்டுப் பாருங்கள். பிரியாணிக் கடைக்கு வழி சொல்வார்கள்.

சுமார் பத்தே மாசம் ஆண்டு, 1714-இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு மோதி, சின்ன வயசில் செத்துப்போன தேஜ்சிங்கைக் கேளுங்கள். கைக்குழந்தைக்குத் தெரியும். ஏன்? நாட்டுப்புறக் கதைப்பாட்டு. அதிலே நீலவேணி என்று ஒரு குதிரை உண்டு. பாதிக் கல்யாணத்தில் எழுந்து போருக்கு வந்த முஸ்லிம் சிநேகிதன் உண்டு. முற்றுகை என்பது தகவல். பாதிக் கல்யாணத்தில் எழுந்து வருவது கண்ணுக்குத் தெரிகிறது. சண்டைக்கு அசல் காரணங்களில் ஒன்று கப்பப் பாக்கி. ஆபீஸ் பாஷையில் அரியர்ஸ். அதைப் பாட்டுக்காரர்கள் பின்னால் தள்ளிவிட்டார்கள்.

"அப்ப நாமளும் கொஞ்சம் ஏத்தி விடலாம்ணே" என்றான் ஜெராக்ஸ்.

அங்கேதான் தம்பி நிறுத்தணும். பாட்டுக்காரன் குதிரையைப் பறக்க விடலாம். மனு எழுதுகிறவன் விடக்கூடாது. அவர்கள் நோட்டீஸில் 'ஐந்நூறு ஏக்கர் பாழாகிறது' என்று இருந்தது. வி.ஏ.ஓ. ஆபீஸில் விசாரித்தால் ஏரியின் ஆயக்கட்டே 84 ஏக்கர். "எண்பத்து நாலுன்னா எவன் மதிப்பான்?" என்றார்கள். ஐந்நூறு என்று போட்டால் முதலில் மடக்குகிறவன் வாய்க்காலை ஆக்கிரமித்தவனாகத்தான் இருப்பான். எதிராளி தேடுவதே அந்த ஒரு பொய்யைத்தான். அதைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரும் பொய், முப்பத்தோரு வீடும் பொய் என்று சாதித்துவிடுவான். 84 போதும். ஒரு குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் என்று பார்த்தால்கூட எத்தனை அடுப்பு எரிகிறது!

அந்த 84-ஆல் இன்னொரு உபகாரமும் நடந்தது. ஆயக்கட்டு 100 ஏக்கருக்குக் குறைவான ஏரிகள் பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தின் கையில். அதற்கு மேலே போனால்தான் நீர்வளத்துறை. இவர்கள் மூன்று பக்கக் கடிதத்தைப் பிரதமர், முதல்வர், கவர்னர் என்று எல்லோருக்கும் நகல் போட்டிருந்தார்கள். ஐக்கிய நாடுகள் சபைதான் பாக்கி. வேலையைச் செய்ய வேண்டிய பி.டி.ஓ.வுக்கு மட்டும் போடவில்லை.

சரியான எண் எங்கே கிடைக்கும்? நம்ம ஊரில் வழி இருக்கிறது. தகவல் உரிமைக்கு 1997-லேயே தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது, கொஞ்சம் மெலிந்த சட்டம். 2005-இல் நாடு முழுவதற்கும் தெம்பானது வந்தது. பத்து ரூபாய், முப்பது நாள். இந்தச் சட்டம் டெல்லியில் ஏ.ஸி. ரூமில் முளைத்ததல்ல. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற கூலிக்காரர்கள், விவசாயிகள் அமைப்பு. அருணா ராய் போன்றவர்கள் கூட இருந்தார்கள். 1994 கடைசியில் அவர்கள் ஒரு காரியம் பண்ணினார்கள். பஞ்சாயத்து வேலைகளின் கூலிப் பட்டியலை எப்படியோ வாங்கி, ஊர் நடுவில் ஷாமியானா போட்டு, சத்தமாகப் படித்தார்கள். அவ்வளவுதான். இன்னார், இத்தனை நாள் வேலை, இத்தனை ரூபாய் கூலி. "நான் அங்கே மண்வெட்டியே தொடலியே!" என்று ஒருத்தர் எழுந்திருக்கிறார். அடுத்த பெயர் செத்துப்போனவருடையது. பரலோகத்திலிருந்து வந்து கூலி வாங்கியிருக்கிறார்! 'ஊழலை ஒழிப்போம்' என்று அதுவரை எத்தனையோ பேர் கத்தியிருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரன் பெயரைப் படித்தபோதுதான் ஊர் கொதித்தது. 1996-இல் பியாவர் ஊரில் நாற்பது நாள் தர்ணா இருந்தார்கள். அங்கிருந்து நடந்து நடந்துதான் 2005.

ரொம்ப தூரம் போய்விட்டேன். வாய்க்காலுக்கு வருகிறேன்.

பையன்கள் ஒரு போட்டோ வைத்திருந்தார்கள். புயலுக்கு மறுநாள் எடுத்தது. எழுபது வயசுப் பாட்டி ஒருத்தி, மாடிப்படியில், நனைந்த புடவையோடு, தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாள். கீழே தலைப்பு ரெடி: 'கண்ணீர்க் கடலில் மூதாட்டி!'

"பாட்டிகிட்ட கேட்டீங்களா?"

நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். பாட்டி வீட்டுக்குப் போனோம். அவளுக்குக் கடைமடையில் அரைக் காணி நிலம். மூன்று ஆடு. போட்டோவைக் கண்ணுக்கு ரொம்பக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தாள். தலைப்பைப் படிக்கச் சொன்னாள். கேட்டதும் முகம் சிவந்துவிட்டது.

"நான் எங்கடா அழுதேன்? ராத்திரி ரெண்டு மணிக்கு மூணு ஆட்டையும் ஒவ்வொண்ணா தூக்கி மாடிப்படியில வச்சேன். பக்கத்து வூட்டுக் கொழந்தையத் தூக்கியாந்தேன். விடிஞ்சதும் அலுப்புல செத்த உக்காந்தேன், அத்தைப் புடிச்சுட்டு வந்து கண்ணீர்க் கடலாம்! எழுதறதா இருந்தா ஆட்டைத் தூக்கினதை எழுது. பாவம் கீவம்னு போட்டே, நோட்டீஸை அடுப்புல வச்சுருவேன்."

எனக்கு அவள் காலில் விழத் தோன்றியது. எழுத்தாளர் கௌரவம் தடுத்தது.

பொதுக்காரியம் பண்ணுகிறவர்கள் நிறையப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். காலித்தட்டு ஏந்தின குழந்தை, ஒட்டின வயிறு, துடைக்காத மூக்கு. அதைப் பார்த்து நன்கொடை வரும், நிஜம்தான். ஆனால் நோட்டீஸ் ஒரு வாரத்தில் குப்பைக்குப் போய்விடும். அந்தக் குழந்தை அதே ஊரில், அதே பள்ளிக்கூடத்தில் இன்னும் எட்டு வருஷம் படிக்க வேண்டும். பெயர் போடலாமா, படம் போடலாமா என்று கேட்க வேண்டும். எழுதினதைப் படித்துக் காட்ட வேண்டும். வேண்டாம் என்றால் மறுபேச்சில்லாமல் எடுத்துவிட வேண்டும். சம்மதம் கேட்கப்போன இடத்தில்தான் நல்ல விஷயமும் கிடைக்கிறது. மூன்று ஆடும் குழந்தையும் கேட்காமல் போயிருந்தால் எங்கிருந்து வந்திருக்கும்?

அடுத்தது, படிக்கிறவன் என்ன பண்ண வேண்டும் என்பது. 'நடவடிக்கை எடு!' என்று போட்டால், டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறவன் எந்த நடவடிக்கையை எடுப்பான்? வடையைத்தான் எடுப்பான்.

உங்கள் போனுக்கும் வந்திருக்கும்: 'அவசரம்! ஓ நெகட்டிவ் ரத்தம் தேவை! அனைவருக்கும் பகிரவும்!' தேதி இருக்காது. ஆஸ்பத்திரி இருக்காது. எத்தனை யூனிட், எத்தனை மணிக்குள் என்று இருக்காது. அந்தப் பேஷண்ட் குணமாகி, வீடு திரும்பி, கல்யாணம் ஆகி, குழந்தைக்குக் காது குத்தியிருப்பார். செய்தி மட்டும் இன்னும் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கும். உங்கள் ஆபீஸ் யூனியன் போர்டிலும் இதே கதைதானே? 'ஆர்ப்பாட்டம்' என்று பெரிசாக இருக்கும். லன்ச் டயத்திலா, சாயங்காலமா என்று பியூனைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏரிக்கு என்ன கேட்கலாம்? ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மண்வெட்டி எடுத்து இறங்கலாம் என்றான் ஒருத்தன். குமாஸ்தா மறுத்தான். வாய்க்கால் அரசாங்கத்துச் சொத்து, ஆக்கிரமிப்பு வேறு இருக்கிறது, நாம் வெட்டினால் நம் மேலேயே கேஸ் வரும். கோர்ட்டில் பேனா பிடிக்கிறவன் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும். கடைசியில் கிராம சபை என்று முடிவாயிற்று. ஆகஸ்ட் 15.

கிராம சபையை நாம் சாதாரணமாக நினைக்கிறோம். 2024 நவம்பரில் மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்து, 2,015 ஹெக்டேர் என்று செய்தி வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதில் அரிட்டாபட்டியும் அடக்கம். அந்த ஊரோ 2022-லேயே தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. நவம்பர் 23-ஆம் தேதி கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். அந்த ஜனங்கள் 'இயற்கையைக் காப்போம்' என்று பொதுவாகப் பேசவில்லை. ஏழு குன்று, 72 ஏரி, 200 சுனை, 250 வகைப் பறவை, தமிழி எழுத்துக் கல்வெட்டு, சமணப் படுக்கை என்று விரல் விட்டு எண்ணினார்கள். கணக்கில் பெரும்பாலும் அரசாங்கமே 2022-இல் தன் அறிவிப்பில் எழுதிக் கொடுத்தது! டிசம்பரில் சட்டசபைத் தீர்மானம், ஜனவரி 7-இல் மதுரையை நோக்கி மாபெரும் பேரணி (இங்கே 'மாபெரும்' போடலாம், தகும்), 2025 ஜனவரி 23-இல் ஏலத்தை மத்திய அரசு ரத்து செய்தது. எழுத்து மட்டுமே அதைச் சாதித்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆயிரக்கணக்கில் ஜனம் நடந்தது. ஆனால் எதைக் காப்பாற்ற நடக்கிறோம் என்பது நடந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கிராம சபைக்கு கோரம் உண்டு. ஊர் ஜனத்தொகை 501-லிருந்து 3,000 வரை என்றால் 100 பேர் வர வேண்டும். இல்லாவிட்டால் கூட்டம் செல்லாது. இது எங்களுக்கு அல்வா மாதிரி கிடைத்தது. ராத்திரி பத்து மணிக்கு ஜெராக்ஸ் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மூன்று பக்கத்தை இப்படி ஆக்கினோம்:

'2024 நவம்பர் 30 ராத்திரி நம் தெருவில் முழங்கால் தண்ணீர். ஏரியில் பாதி காலி. தண்ணீர் ஏரிக்குப் போகிற வாய்க்காலில் 900 மீட்டருக்குச் சீமைக் கருவேலம். கடைமடைப் பாட்டி அன்று மூன்று ஆட்டையும் ஒரு குழந்தையையும் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். இந்த மழைக்கும் அவரை ஏற வைக்க வேண்டாம். ஆகஸ்ட் 15 காலை 11 மணி, கிராம சபை. வாய்க்காலைத் தூர்வாரத் தீர்மானம். கூட்டம் செல்ல 100 பேர் வேண்டும். நீங்கள் ஒருவர்.'

பாட்டிக்குப் படித்துக் காட்டினோம். "ஆடு மூணுன்னு போட்டியா? சரி" என்றாள். தலைமை, முன்னிலை, மற்றும் பலர், எல்லோரையும் எடுத்துவிட்டோம். அதற்குத்தான் ரொம்பச் சண்டை. ஜெராக்ஸ் பையனுக்குத் தன் பெயர் அச்சில் வர வேண்டும் என்று ஆசை. நியாயமான ஆசைதான். கீழே 'தொடர்புக்கு' என்று அவன் பெயரும் போன் நம்பரும் போட்டோம். விளைவு, அந்த வாரம் முழுக்க அவனுக்கு ராத்திரி தூக்கமில்லை. பாதிப் போன் 'நூறு பேர் சேர்ந்தாச்சா?' என்று கேட்டுத்தான்.

சேர்ந்தது. தீர்மானம் நிறைவேறியது. உடனே பாலும் தேனும் ஓடியது என்று எழுதினால் பாட்டி அடுப்பில் வைத்துவிடுவாள். நூறு நாள் வேலை ஆட்களை வைத்து முதல் 560 மீட்டர் சுத்தமானது. மீதி 340 மீட்டரில் ஆக்கிரமிப்பு. சர்வேயர் வந்து அளக்க வேண்டும். இந்த இடத்தில் நம் ஆட்கள் பொதுவாகச் செய்வது இரண்டில் ஒன்று. வெற்றி வெற்றி என்று ஃப்ளெக்ஸ் வைப்பார்கள், இல்லையா, ஊரைவிட்டே ஓடிவிடுவார்கள். கூப்பிட்டபோது வந்தவனுக்கு, நீ வந்ததால் என்ன ஆச்சு என்று சொல்வதே கிடையாது. அப்புறம் அடுத்த தடவை ஏன் வரவில்லை என்று அவனைத் திட்டுவார்கள்.

இந்தப் பையன்களை நான் மெச்சுவது இதற்காகத்தான். நான் சொல்லாமலே இரண்டாவது நோட்டீஸ் போட்டார்கள். கையால் எழுதி ஜெராக்ஸ். வசூல் 2,150 ரூபாய், நோட்டீஸ் செலவு 640, மைக் 800, டீ 420, கையிருப்பு 290. வாய்க்கால் முடிந்தது 560 மீட்டர், பாக்கி 340. கிராம சபைக்கு வந்தவர்கள் 117.

அதை டீக்கடைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது நான் அங்கேதான் இருந்தேன். டீ மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். டீக் கணக்கு 420 சரிதான் என்று தலையாட்டினார். கடைசி வரிக்கு வந்ததும் பையனிடம் பேனாவை வாங்கினார்.

"நூத்திப் பதினேழு இல்லப்பா. அடுப்பை அணைச்சுட்டு நான் லேட்டாத்தான் வந்தேன், ஆனா கையெழுத்துப் போட்டேன்" என்று சொல்லிவிட்டு, ஏழை அடித்து எட்டாக்கினார்.